பதிலுக்கு விட்ட இடம்

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் ஓட்டோ பிடித்து மேலே ஏறினால், இஞ்சின் இருமி இருமி நிற்கிற இடத்தில் ஒரு தோட்டம் வரும். அங்கே ஏஞ்சலா டீச்சரைத் தெரியாத ஆள் கிடையாது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுமுன் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். கட்டடத்தில் மாட்டியிருக்கிற போர்டில் நீளமாக ஏதோ எழுதியிருக்கிறது. லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கு அது இன்றும் பிள்ளைக்காம்பராதான். பதினேழு பிள்ளைகள், பதினேழு ஒழுகும் மூக்குகள், இரண்டு தொட்டில்கள், ஒரே ஓர் ஏஞ்சலா.

நாற்பத்தெட்டு வயது. கட்டையான உடம்பு, பெரிய குரல். பேச ஆரம்பித்தால் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. "சோறு வேணுமா? வேணும். பருப்பு ஊத்தவா? ஊத்துறேன், சாப்பிடு." பிள்ளைகள் வாயைத் திறப்பது சோற்றுக்காக மட்டும்தான். அவளைச் சும்மா இருக்கச் சொல்வதும் அடைமழையை நிற்கச் சொல்வதும் ஒன்று என்று அவள் புருஷன் லோரன்ஸ் சொல்லுவான். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்ளுவான்.

லோரன்ஸுக்கு சவுண்டு செட் தொழில். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் தேர், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவன்தான். சத்தத்தில் சுத்தம் பார்க்கிறவன். மைக்கில் ஒரு சின்னக் கரகரப்பு வந்தாலும் ஃபாதர் பிரசங்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் எழுந்து ஓடுவான். "ஸ்பீக்கர்னா உள்ளத உள்ளபடி சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்பது அவனுடைய வேதம். அதற்காகவே கொழும்பில் ஓர் உயர்ந்த ஸ்பீக்கர் ஜோடி வாங்கி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்திருந்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அது வெளியே வராது.

பிள்ளைக்காம்பராவில் நான்கு வயதுத் தனுஷிகா என்று ஒரு பிள்ளை இருந்தது. அதன் அப்பா மிலானுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா பிரியந்தி, நாட்டில் சாமான் விலை எல்லாம் தலைக்குமேல் போன காலத்துக்கு அடுத்த வருஷம், பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த கையோடு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். லயம் இருக்கிற பள்ளத்தில் வீடியோ கோல் எடுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அவள் வேலை செய்கிற வீட்டிலும் பகலில் ஃபோனைத் தொட விடமாட்டார்கள். அதனால் ராத்திரியானதும் குரலைப் பதிந்து வொய்ஸ் கட்டாக அனுப்புவாள். மிலான் தன்னுடைய பழைய ஃபோனில் அவற்றைப் போட்டு, காலையில் பிள்ளையோடு சேர்த்து ஏஞ்சலாவிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

மத்தியானச் சோறு முடிந்து பாயை விரித்ததும் தனுஷிகாவுக்கு அந்த ஃபோன் வேண்டும். கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்துவிடும். வருஷக்கணக்கில் ஃபெக்டரிக்குப் போய்வந்த ஃபோன் அது. ஸ்பீக்கர் ஓட்டைகளில் தேயிலைத் தூள் அடைத்து, பிரியந்தியின் குரல் கொசு பாடுகிற மாதிரி வரும். நடுநடுவே நின்று நின்று வேறு வரும். சிக்னல் கோளாறு என்று ஏஞ்சலா முடிவுகட்டியிருந்தாள். பிள்ளை வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே கிடந்து பத்து நிமிஷத்தில் தூங்கிவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஏஞ்சலா மற்றப் பதினாறு பேரையும் சத்தம்போட்டுத் தூங்கவைப்பாள்.

தவக்காலம் தொடங்கிய வாரம் மிலான் வந்து சொன்னான். "டீச்சர், பிரியந்திக்கு லீவு குடுத்திருக்காங்க. உயிர்த்த ஞாயிறுக்கு இங்க இருப்பா. ரெண்டு மாசம்."

ஏஞ்சலா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். மிலான் போனபிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை.

காரணம் இருந்தது. அவளும் அதே குவைத்துக்குப் போய்வந்தவள்தான். அப்போது அவள் மகன் ஜூட்சனுக்கு இரண்டு வயது. மாதம் ஒருதரம் லோரன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருக்கிற டெலிஃபோன் கடைக்குப் போவான். அவள் "ஹலோ, தம்பி, அம்மா பேசுறேன், கேக்குதா, ஹலோ" என்று கத்துவாள். மூன்று நிமிஷத்தில் லைன் போய்விடும். மூன்று வருஷம் கழித்து, கை நிறைய டொஃபியும் சாவி கொடுத்தால் ஓடுகிற காருமாக வந்து இறங்கினபோது, பையன் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "ஆன்ட்டி எப்பப்பா போவாங்க?" என்று கேட்டான். ஆன்ட்டி என்ற அந்தச் சொல் போக ஒன்றரை வருஷம் ஆயிற்று. இப்போது அவன் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான், தங்கமான பிள்ளை. ஆனாலும் உடம்புக்கு முடியாமல் போனால் அவன் வாயில் வருவது "அப்பா"தான். அதை ஏஞ்சலா யாரிடமும் சொன்னதில்லை. ஊர் திரும்பிய மறு வருஷமே பிள்ளைக்காம்பரா வேலைக்கு அவள் ஏன் எழுதிப்போட்டாள் என்று கேட்டவர்களிடமும் சொன்னதில்லை.

தனுஷிகா பிரியந்தியை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிடக் கூடாது. அந்த ஒரு கவலைதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

அன்று சாயங்காலமே லோரன்ஸிடம் விஷயத்தைப் போட்டாள். "அந்தப் புள்ள அம்மான்னு கேக்குறது அம்மா கொரலே இல்லைங்க. கொசு. நாளைக்கு நெசமான அம்மா வந்து வாயத் தொறந்தா யாரோன்னு ஓடிப்போயிரும். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. உங்க பெரிய ஸ்பீக்கர்ல தெனமும் போட்டுக் காட்டுனா பழகிக்காதா?"

லோரன்ஸ் ஃபோனைத் திருப்பி ஓட்டைகளைப் பார்த்தான். "இது ஸ்பீக்கரா, தேத்தண்ணி வடிகட்டியா?" என்றான். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அவன் பெண்டாட்டி அவனுடைய ஸ்பீக்கரைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இடம் பத்தாமல் மிலான் பழையதை அழித்துக்கொண்டே வந்ததில் ஃபோனில் மிஞ்சிக் கிடந்த ஏழெட்டு வொய்ஸ் கட்டையும் எடுத்து ஒன்றாகக் கோத்தான். ஏசி இரைச்சலை எடுத்தான். பாத்ரூமுக்குள் இருந்து பேசினதால் வந்த எதிரொலியை எடுத்தான். வேண்டாதது எது கண்ணில் பட்டாலும் வெட்டினான். ஃபோனையும் தூரிகையால் சுத்தமாக்கி, பழையதை அழித்துவிட்டு, புதியதையே அதில் ஏற்றினான். அரிசியில் கல் பொறுக்குகிற கவனத்தோடு அவன் செய்த வேலை அது. குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர்கள் துணியை விட்டு வெளியே வந்து, பிள்ளைக்காம்பரா ஜன்னலோரம் இரண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தன. லோரன்ஸ் பட்டனைத் தட்டினான்.

"தனு கண்ணு, அம்மா பேசுறேன்."

பிரியந்தி அந்த அறைக்குள் வந்து நின்றுவிட்டாள். வேறெப்படிச் சொல்ல! அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. வார்த்தைக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. கொழுந்து நிறுத்துவிட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வந்திருந்த அழகம்மா, "ஆத்தாடி, பிரியந்தி வந்துட்டாளா?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள். ஏஞ்சலாவுக்குக் கண் கலங்கியது. லோரன்ஸ் கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் முடித்த ஃபாதர் மாதிரி நின்றான்.

தனுஷிகா எழுந்து ஸ்பீக்கரிடம் போனது. பின்பக்கம் எட்டிப் பார்த்தது. வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஸ்பீக்கர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. பிள்ளை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"என்னா கண்ணு? அம்மாதானே? அம்மாதான்" என்றாள் ஏஞ்சலா.

"அது அம்மா இல்ல."

சரி, பெரிய ஸ்பீக்கர் பயமுறுத்திவிட்டது என்று ஃபோனையே கையில் கொடுத்தார்கள். கன்னத்தில் வைத்துக் கேட்டது. அரை நிமிஷத்தில் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. பிரியந்திக்கும் அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுக்காரர்களோடு ஊர் மாறிப் போகவேண்டியதாகி, புதிய வொய்ஸ் கட் எதுவும் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. வேதக்காரர் வீட்டில் பிள்ளையாருக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது, அவர்கள் வீட்டில் நடந்தது அதுதான். முன்னே அம்மா குரலைக் கேட்டால் தூங்குகிற பிள்ளை, இப்போது அம்மா குரலைக் கேட்டால் காதைப் பொத்துகிறது.

"பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அழகம்மா.

"கல்லுன்னு நீ தட்டிப் பாத்தியா? போ, போயி கொழுந்தப் பறி" என்று ஏஞ்சலா எரிந்து விழுந்தாள். கோபம் அழகம்மா மேல் இல்லை. தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்ற பயம்தான்.

வீட்டிலும் சண்டை. "நான் ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. அவ பேசுன அத்தனையும் அதுல இருக்கு" என்றான் லோரன்ஸ். உண்மைதான், இருந்தது. பிறகு அவனே இறங்கிவந்து, குரலைப் பழையபடி மெலிதாக்கிப் பார்த்தான். கரகரப்பைச் சேர்த்துப் பார்த்தான். ஒருநாள் ஒரு சிட்டிகைத் தேயிலைத் தூளை எடுத்து ஸ்பீக்கர் ஓட்டையில் போட்டுவிட்டு, "ஆயுசு பூரா கெட்டத நல்லாக்குனேன். ஒண்ணக் கெடுக்கத் தெரியலையே எனக்கு" என்று தலையில் கை வைத்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. எதற்கும் பிள்ளை மசியவில்லை.

பிரியந்தி வருவதற்கு எட்டு நாள் இருந்தபோது, மிலான் ஃபோனோடு ஓடிவந்தான். "புதுசா ஒண்ணு வந்திருக்கு டீச்சர்!"

ஏஞ்சலாவுக்கு நம்பிக்கை இல்லை. எதற்கு வம்பு என்று ஃபோனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் தொட்டிலில் அழுத குழந்தையைத் தட்டிக்கொடுக்கப் போனாள். அன்று தொண்டை கட்டியிருந்தது. அதனால் மட்டும்தான் அவள் பேசாமல் இருந்தாள்.

"தனு கண்ணு, அம்மா பேசுறேன். மத்தியானம் சாப்பிட்டியா?" என்றது ஃபோன். பிறகு சத்தம் இல்லை.

"சாப்பிட்டேன்" என்றது பிள்ளை.

"ம்ம். என்னா கறி?" மறுபடி சத்தம் இல்லை.

"கத்திரிக்கா. நான் வேணாம்னு தள்ளி வச்சிட்டேன். டீச்சர் பாக்கல."

"ம்ம்... சரி. டீச்சர் சொன்னபடி கேக்கணும். யாரு கூட வெளையாடுன?"

தொட்டிலைத் தட்டிய கை அப்படியே நின்றது. ஏஞ்சலா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். ஃபோன் கேட்கிறது, காத்திருக்கிறது. பிள்ளை சொல்கிறது. ஃபோன் "ம்ம்" என்கிறது. இரண்டு வருஷமாக இது முணுமுணுப்பென்று நினைத்தாளே! சிக்னல் கோளாறாம், கோளாறு. நாலு வயதுப் பிள்ளை தினமும் தாயோடு பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டுத் தூங்கியிருக்கிறது. அதே அறையில் இருந்துகொண்டு அது காதில் விழாதபடி கத்திக்கொண்டிருந்தவள் அவள்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினாள். "என்னங்க, அந்த வொய்ஸ் கட்டெல்லாம் ஒட்டுனீங்களே, நடுவுல சும்மா இருந்த எடத்த என்னா பண்ணீங்க?"

"என்னா பண்றது? வெட்டிட்டேன். வெறும் சத்தமில்லாத எடந்தானே. எல்லாஞ் சேத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல வந்துச்சி..." பாதியில் நிறுத்தினான். தொழில்காரன், சொல்லாமலே விளங்கிவிட்டது. கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ள பேசுற எடத்தையா நான் வெட்டுனேன்?" என்றான்.

ஏஞ்சலா திட்டவில்லை. திட்டுவதற்குத்தான் ஓடிவந்தாள், அவன் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. நல்லவேளை, பழையவை கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தன. ஏசி இரைச்சலோடும் எதிரொலியோடும் அன்றே ஃபோனில் திருப்பி ஏற்றினான். மறுநாள் ஒரு யோசனை தோன்றி, வெட்டாத ஒன்றை அந்தப் பெரிய ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தான். தனுஷிகா அதன் முன்னால் சம்மணம்போட்டு உட்கார்ந்து, கத்திரிக்காய்க் கதையை மறுபடி ஒருதரம் சொன்னது. அந்த ஸ்பீக்கர் வாங்கிய நாளிலிருந்து அதற்கு யாரும் பதில் சொல்லி லோரன்ஸ் பார்த்ததில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் பிரியந்தி வந்தாள். சனிக்கிழமை அரைநேரம் வேலை, பிள்ளைக்காம்பராவில் சோறு மட்டும் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்புகிற நேரம். மிலான் நேரே பிள்ளைக்காம்பராவுக்கே கூட்டிவந்துவிட்டான். கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆள் பாதியாகியிருந்தாள். வாசலில் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "என் தங்கம், என் கண்ணு, அம்மா வந்துட்டேன் பாத்தியா, எவ்வளவு வளந்துட்ட, அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு, அம்மா என்னா கொண்டாந்திருக்கேன் தெரியுமா, அம்மாவ மறந்துட்டியா, மறக்கலைல்ல, சொல்லு, அம்மான்னு ஒருதரம் சொல்லு..."

பிள்ளை விறைத்துப்போய்க் கை கால் உதறி இறங்கியது. ஏஞ்சலாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றது. பிரியந்தி பையைத் திறந்து பொம்மையை எடுத்தாள், சொக்லட்டை எடுத்தாள், பேசிக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே பேசினாள். மிலான், "அம்மாடா, அம்மாகிட்டப் போ" என்று பின்னாலிருந்து தள்ளினான்.

ஏஞ்சலாவுக்கு இருபது வருஷத்துக்கு முந்தின தன் வாசல் கண்ணில் வந்து நின்றது. கையில் சாவி கொடுக்கிற கார். வாய் மூடாத பேச்சு. அன்று ஜூட்சனிடம் என்னென்னவோ கேட்டாள், ஒன்றுக்காவது அவன் பதில் சொல்ல விட்டாளா? நினைத்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

"பிரியந்தி. சாமானெல்லாம் உள்ள வையி. இப்பிடி வந்து தரையில உக்காரு" என்றாள்.

"டீச்சர், அவ என்னைய..."

"நீ ஃபோன்ல எப்பிடிப் பேசுவ? கேட்டுட்டு ஏன் சும்மா இருப்ப?"

பிரியந்தி மூக்கைத் துடைத்தாள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "அவ சொல்லி முடிக்கணுமில்லைங்களா டீச்சர். சின்னப் புள்ள, யோசிச்சுச் சொல்ல நேரம் ஆகும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணுவேன், சில நேரம் பத்து. அவ பேசுறது எனக்குக் கேக்காதுதான். ஆனாலும் எப்பிடி விட்டுட்டுப் போறது?"

"அதே மாதிரிக் கேளு. கேட்டுட்டு எண்ணு. மிலான், நீ வாய மூடிக்கிட்டு இரு."

பிரியந்தி சிமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள். "தனு கண்ணு, அம்மா பேசுறேன். மத்தியானம் சாப்பிட்டியா?"

உதடு அசைய எண்ணினாள். ஐந்து போயிற்று. பத்து போயிற்று. ஏஞ்சலாவின் நாக்கு நுனிவரை வந்தது, "சாப்பிட்டா, சாப்பிட்டா, ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா" என்று. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலையை அவள் செய்ததில்லை.

"சாப்பிட்டேன்" என்றது சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரியந்தியின் தோள் குலுங்கியது. அந்தப் பதிலை அவள் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் விடவில்லை. "ம்ம். என்னா கறி?"

"பருப்பும் நெத்தலியும்." பிள்ளை ஒரு காலை வெளியே வைத்தது. பிறகு மறு காலை. தாய்க்கு எதிரே வந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. அவள் முகத்தையே பார்த்தது. அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீங்க எப்ப திரும்பிப் போவீங்க?" என்றது.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அவசரமில்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, தாய் பதில் சொல்லி முடிப்பதற்கு இடம் விட்டு இருந்தது. அப்படித்தானே அதற்குப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். மிலான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏஞ்சலா, ஆண்டவரே, இவள் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். குவைத்துக்குப் போகிற அன்று "நாளைக்கே வந்துருவேன்" என்று ஜூட்சனிடம் அவள் சொன்னது பொய்.

பிரியந்தி விரலில் மாதத்தை எண்ணினாள். "ஜூன் மாசம்" என்றாள் கடைசியில்.

தனுஷிகாவுக்கு ஜூன் என்றால் என்னவென்று தெரியாது. யோசித்தது. "நாளைக்கா?"

"நாளைக்கு இல்ல."

"நாளைக்கழிச்சு?"

"அன்னைக்கும் இல்ல கண்ணு. அன்னைக்கும் அம்மா இருப்பேன்."

பிள்ளை எழுந்து வந்து தாயின் மடியில் உட்கார்ந்தது. "வீட்டுக்குப் போவோம்மா" என்றது.